அறுபட்ட காது

1990 மார்ச். சென்னைத் துறைமுகத்தில் நான் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கிற வேலை. அந்த மாதம் இலங்கையிலிருந்து இறங்கியவை மூட்டைகள் அல்ல, இந்திய அமைதிப்படைச் சிப்பாய்கள். அதில் ஒருவன் என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்து, "அண்ணை, தண்ணி இருக்கோ?" என்றான். ஆள் வடநாட்டுக்காரன், பேச்சு அச்சு அசல் யாழ்ப்பாணம். அந்தச் சொல்லை எந்த வீட்டு வாசலில் கற்றான்? கும்பிட்டுக் கேட்ட வாசலிலா, கதவை உடைத்த வாசலிலா? கொடுத்துவிட்டேன். கொடுத்தது சரிதானா என்ற கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

எங்கள் ராயபுரம் பேரிலேயே இராயப்பர், அதாவது பேதுரு, இருக்கிறார். கெத்சமனியில் வாளை உருவி ஒரு வேலைக்காரனின் காதை வெட்டியவர் அவர்தான். வாளை உறையில் போடச் சொன்ன இயேசு அத்தோடு நிற்கவில்லை. அறுபட்ட காதைத் தொட்டுக் குணமாக்கினார் என்கிறார் லூக்கா. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. அதில் இரண்டு வேலை இருப்பது எனக்கு உறைக்க வெகுநாள் ஆனது.

1987 ஜூலை 29-இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம். அக்டோபரில், அமைதி காக்கப் போன இந்தியப் படையே புலிகளோடு போரில் இறங்கியது. யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் சுடப்பட்டுச் செத்தார்கள். 1989 ஜூன் 1-இல் இலங்கை ஜனாதிபதி பிரேமதாசா, ஜூலை 29-க்குள் படை வெளியேற வேண்டும் என்றார். தமிழர் பாதுகாப்பு உறுதியாகட்டும் என்றது தில்லி. கெடு தாண்டியது. நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிறு பூசை முடிந்ததும் உட்கார்ந்து, படையைத் திரும்ப அழையுங்கள் என்று தபால் கார்டு எழுதுவோம். பதில் வராத வாரங்களில் எங்களில் மூத்தவர், "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பார். பொறுத்தது நாங்கள், பூமி அவர்களுடையது. அடுத்தவன் வீட்டு வாசலில் துப்பாக்கி நிற்கும்போது இங்கே உட்கார்ந்து பொறுமை காப்பது புண்ணியக் கணக்கில் சேராது. தேதியைக் கேட்டுக்கொண்டே இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் தேதியை மட்டும் கேட்டதுதான் எங்கள் பிழை. துறைமுகத்தில் கப்பல்காரன் ஒரு டாலி வைப்பான், கரைக்காரன் ஒரு டாலி வைப்பான். ஷிப்ட் முடிகையில் இரண்டையும் ஒத்துப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் அப்படி எண்ணியவர்கள் இருந்தார்கள். பல்கலைக்கழக உடற்கூற்றியல் ஆசிரியை ரஜனி திராணகமவும் அவருடைய நண்பர்களும் படை செய்ததையும் புலிகள் செய்ததையும் சேர்த்தே எழுதினார்கள். 1989 செப்டம்பர் 21-இல் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். படை கிளம்பும்வரை அந்தக் கணக்கு நின்றுவிடக் கூடாது என்று நாங்கள் ஒரு கார்டுகூடப் போடவில்லை.

1990 மார்ச் 24-இல் கடைசிப் படை திருகோணமலையை விட்டுக் கிளம்பியது. வரவேற்கப் போகவில்லை முதல்வர் கருணாநிதி. எங்களில் பாதிப்பேர் அது சரி என்றார்கள். மீதிப்பேர், ஆயிரத்துக்கு மேல் செத்த பிள்ளைகளும் யாரோ பெற்றவர்கள்தானே என்றார்கள். இரண்டும் எனக்குச் சரியாகவே பட்டது. அடுத்த ஞாயிறு யாரும் கார்டு வாங்கி வரவில்லை. வாள் உறைக்குள் போய்விட்டதல்லவா? ஜூனில் அங்கே மறுபடி போர் மூண்டது. அகதிகள் படகேறி வந்தார்கள். எங்கள் குழு அதன்பின் கூடவேயில்லை.

அதனால் இன்று யாராவது என்னிடம், படை கிளம்பத் தாமதமானால் சமாதானக்காரன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், கேட்பதை நிறுத்தாதே, இரண்டு பக்கமும் எண்ணு என்பேன். அவர்கள் கிளம்பிய நாளில் நீயும் கிளம்பிவிடாதே என்றும் சொல்வேன். காது அப்போதும் தரையில்தான் கிடக்கும்.

பல வருடம் கழித்து, எண்ணூர் தாண்டி ரயிலில் கும்மிடிப்பூண்டி அகதி முகாமுக்குப் போனேன். ஒரு பாட்டி செம்பை நீட்டி, "தண்ணி குடிக்கிறியளோ?" என்றார். அதே ராகம். வாங்கிக் குடித்தேன். அந்தச் சிப்பாயைப் பற்றி அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.