மழைக்கால ஓய்வு யாருக்கு?



கார்த்திகை மாதத்தில் ஒரு வாரம் விடாமல் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளம் இன்னும் வீட்டுப் படியைத் தொடவில்லை. வாவி நிரம்பி நிற்கிறது. முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டுமா, இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாமா என்று ஊரார் பேசிக்கொள்கின்றனர். கடல் கொந்தளிப்பினால் கரைவலை இழுப்பதில்லை. மேசன்மாருக்கும் கூலியாட்களுக்கும் வேலையில்லை. படுவான்கரையில் மாரிப்போக வேளாண்மை செய்தவர், வயலுக்குப் போய் வரம்பை வெட்டி நீரை வடியவிட்டு வந்தால் அன்றைய வேலை முடிந்தது. விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் திரும்பும் குடும்பத் தலைவர் ஏழு நாளும் வீட்டில் இருக்கிறார்.

அந்த ஏழு நாளைப் பற்றித்தான் இவ்வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன். மணம் முடிக்காத குருவானவருக்கு இதைப்பற்றி என்ன தெரியும் என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். தம்பதிகளின் வழக்குகளைக் கேட்கும் வாய்ப்பு எங்களுக்குக் குறைவாக இல்லை. நான் சொல்வது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதல்ல, பங்கு விறாந்தையில் ஊரறியச் சொல்லப்படுவது.

பேராபத்து வரும்போது குடும்பங்கள் ஒன்றுபட்டு நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். 1978 நவம்பர் 23ஆம் நாள் சூறாவளி கூரைகளைப் பிடுங்கி எறிந்தபோதும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து வந்தபோதும், 2011 ஜனவரியில் வெள்ளத்துக்கு அஞ்சிப் பாடசாலைகளில் ஒதுங்கியபோதும், எது ஆண் வேலை, எது பெண் வேலை என்று எவரும் வழக்காடவில்லை. கை காலியாக இருந்தவர் பிள்ளையைத் தூக்கினார். ஆனால் உயிருக்கு ஆபத்தில்லாத, வெளியே போகவும் முடியாத, சலிப்பூட்டும் வெறும் மழை வாரத்தில் நடப்பது என்ன?

மழை கணவருக்கு ஓய்வு தருகிறது. மனைவிக்கோ அதே மழை வேலையை இரட்டிப்பாக்குகிறது. விறகு நனைந்துவிட்டது, அடுப்பை ஊதி ஊதிக் கண் சிவக்கிறது. துவைத்த உடுப்புக் காய்வதில்லை. குசினிக் கொடியில் தொங்கிப் புகை மணக்கிறது. கிணறு கலங்கிவிட்டதால் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்ற வேண்டும். ஒழுக்குக்கு வைத்த சட்டி நிரம்பினால் நடுச்சாமத்தில் எழுந்து ஊற்ற வேண்டும். பள்ளிக்கூடம் மூடியதால் பிள்ளைகள் காலடியில். சின்னவனுக்கு இருமல், கொத்தமல்லி அவிக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவே விறாந்தையிலிருந்து ஒரு குரல்: “தேத்தண்ணி ஒண்டு ஊத்து புள்ள.” நாளுக்கு ஒரு தடவையல்ல, நான்கு தடவை.

இவர் கெட்ட மனிதரா? இல்லவே இல்லை. குடிக்கவில்லை, கை நீட்டவில்லை, ஞாயிறு பூசை தவறுவதில்லை. “நான் என்ன குற்றம் செய்தேன்? வீட்டோடுதானே இருக்கிறேன்?” என்று கேட்பார். இந்தக் கேள்வியை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. வீட்டோடு இருப்பதும் சேர்ந்து வாழ்வதும் ஒன்றுதானா?

கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில் தம் ஒழுக்கவியல் நூலில் நட்பைப் பற்றி இரண்டு பிரிவுகள் முழுவதும் எழுதினார். கணவன் மனைவியரின் உறவையும் இயற்கையான ஒரு நட்பாகவே அவர் அங்கே கணக்கெடுக்கிறார். மனிதர் சேர்ந்து வாழ்வதென்பது ஒரே இடத்தில் மேயும் மாடுகளைப் போன்றதல்ல, பேச்சையும் எண்ணத்தையும் பகிர்ந்துகொள்வதே என்பது அவர் கருத்து. நம் மாவட்டத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேளாண்மை விதைத்ததும் மேட்டு நிலத்துக்குச் சாய்த்துவிடப்பட்ட மாடுகள் மழையில் பட்டிக்குள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அவற்றிடையே சண்டையும் இல்லை, குற்றமும் இல்லை. அதைக் குடும்பம் என்று யாரும் சொல்வதுமில்லை.

1983இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்புத் திருமணத்தை முழு வாழ்வின் கூட்டு என்கிறது. அங்கே வரும் இலத்தீன் சொல் ‘கொன்சோர்த்தியும்’. ‘சோர்ஸ்’ என்றால் சீட்டுப் போட்டு விழுந்த பங்கு. ஆகவே தம்பதிகள் ஒரே பங்கைப் பெற்றவர்கள். மழை ஒருவர் மடியில் ஓய்வையும் மற்றவர் மடியில் புகையையும் போடுமானால், அங்கே பங்கு இரண்டாகிவிட்டதல்லவா?

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றையும் இங்கே நினைக்க வேண்டும். ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரம், மனிதன் தாய் தகப்பனை விட்டு மனைவியோடு சேர்வதைக் கூறுகிறது. தமிழகத்தின் பெரும்பகுதியில் பிறந்த வீட்டை விட்டுப் போகிறவள் பெண்ணே. மட்டக்களப்பிலோ அந்த வசனத்தின்படியே நடக்கிறது: பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுகிறார். ஆழிப்பேரலையின் பின் கட்டிக்கொடுத்த வீடுகள் பல, குடும்பத் தலைவர் என்ற பெயரில் கணவருக்கே எழுதப்பட்டபோது இங்கே பெண்கள் முறையிட்டதும் இதனாலேயே. நல்ல வழக்கம்தான். ஆனால் அதில் ஒரு பொறியும் உண்டு. வீடு அவளுடையது என்றால் ஒழுக்கும் அவளுடையது, அடுப்பும் அவளுடையது, தான் மரியாதைக்குரிய விருந்தாளி என்று இருபது வருடம் கழிந்த பின்னும் சிலர் நினைத்துக்கொண்டிருக்கின்றனர். தாய் தகப்பனை விட்டு வந்தது விறாந்தை வரைக்கும்தானா?

கணவர் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அவருடைய மௌனம் எப்போதும் சோம்பலல்ல. உழைக்கும் கை சும்மா இருக்கும்போது மனம் கூசுகிறது. ஏழு நாள் கூலி போனால் அரிசிக்கு என்ன செய்வது என்ற கணக்கு உள்ளே ஓடுகிறது. அதை வாய்விட்டுச் சொன்னால் தலைமை போய்விடும் என்று பயம். சரி, சாமான் முடிந்ததும் கடன் கொப்பியை எடுத்துக்கொண்டு மழைக்குள் கடைக்குப் போவது யார்? பெரும்பாலும் மனைவி, அல்லது எட்டு வயதுப் பிள்ளை. முதலாளியின் முகம் சுருங்குவதைக் காண்பதும் அவர்களே. தன் வெட்கத்தைத் தான் சுமக்காமல் பிள்ளையின் தலையில் வைத்து அனுப்புகிறோம் என்பது தகப்பனுக்குத் தோன்றுவதில்லை. தேத்தண்ணியை விட எனக்கு இதுவே பெரிய காரியமாகப் படுகிறது. காதுப்பூவை அடகு வைப்பதா, இன்னும் ஒரு வாரம் கடனில் ஓட்டுவதா என்று இருவரும் பாயில் எதிரெதிரே இருந்து பேசினால் கடன் குறைந்துவிடாது. ஆயினும் அரிஸ்டோட்டில் சொன்ன பேச்சு அதுதான்; மாடுகளால் அது முடியாது.

“அவரைக் குசினிக்குள் விட்டால் இருக்கிற வேலையும் கெட்டுவிடும், சுவாமி” என்று ஒரு தாய் சொல்வது காதில் விழுகிறது. அதில் உண்மை இருக்கலாம். மாமியார் இதைக் கண்டால் மருமகனை வேலை வாங்குகிறாள் மகள் என்று ஊர் சொல்லுமே என்று மனைவியே பயப்படுவதும் உண்டு. குசினிக்குள் போகத்தான் வேண்டுமென்று நான் வற்புறுத்தவில்லை. நடுச்சாமச் சட்டி ஒருவருக்காகக் காத்திருக்கிறது. கடைக்குப் போகும் வழியும் ஆண்களுக்குத் தெரிந்ததே. விறகு முழுவதும் நனைந்துவிட்டதென்றால், தாழ்வாரத்தின் உட்பக்கம் குவித்த பொச்சு மட்டைகளில் அடியில் கிடப்பவை காய்ந்துதான் இருக்கும். விறாந்தையிலிருந்து எழுந்தால் பத்தடி தூரம்.