பொதுத் தோட்டத்தின் வேலி

ஆலயமும் தோட்டமும் ஒன்றையொன்று பிரியாதவை. கோயிலைச் சூழ நந்தவனம் அமைத்து, அங்கு மலரும் பூவை இறைவனுக்குச் சாத்துவது சைவ மக்களின் தொன்றுதொட்ட வழக்கமாகும். அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவராகிய முருக நாயனார், திருப்புகலூரிலே மலர் கொய்து மாலை தொடுத்து இறைவனுக்குச் சாத்துவதையே தமது தொண்டாகக் கொண்டிருந்தார். திருநாவுக்கரசு சுவாமிகள் கையில் உழவாரப்படை ஏந்தித் திருக்கோயில் வீதிகளிற் புல் செதுக்கினார். மண்ணிலே கைவைத்து உழைப்பது வழிபாட்டுக்குப் புறம்பானதன்று என்பதற்கு இப்பெரியார்களே சான்றாவர்.

நந்தவனம் முழுவதும் இறைவனுக்குரியது. அதிலே பங்கு கேட்பார் எவருமில்லை. ஆனால் பலர் கூடித் தத்தம் வீட்டுக்கு வேண்டிய மரக்கறியை விளைவிக்கும் பொதுத் தோட்டம் அத்தகையதன்று. அங்கே உழைப்பும் பங்கு, தண்ணீரும் பங்கு, விளைச்சலும் பங்கு. பங்கு உள்ள இடத்திற் பிணக்கும் உண்டு.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது தோட்டஞ் செய்வது இலங்கை முழுவதிலும் வலியுறுத்தப்பட்டது. அரசாங்க உத்தியோகத்தர்கள் வீட்டுத் தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கவும் அவ்வாண்டு யூன் மாதத்தில் அமைச்சரவை அனுமதியளித்தது. வளவும் கிணறும் உள்ளவர்களுக்கு அது இலகுவான காரியம். வளவில் இடமில்லாதவருக்கும், கிணறில்லாதவருக்கும், தனித்து வாழும் முதியவருக்கும் பொதுத் தோட்டமே வழியாகும். அத்தகைய தோட்டத்தைச் சேதனப் பசளை மட்டும் இட்டு, நஞ்சு தெளிக்காமல் நடத்துவதென்றால் அதற்குச் சில விதிகள் வேண்டும். இங்கேதான் ஒரு கேள்வி எழுகின்றது.

உறவுக்குள் விதி எதற்கு?

"எல்லாரும் ஓர் ஊரவர், ஒரே கோயிலைக் கும்பிடுகிறவர்கள், கொண்டும் கொடுத்தும் வாழ்கிறவர்கள். சொந்தத்துக்குள் சட்டம் எழுதுவது ஒருவரையொருவர் நம்பாமையல்லவா?" என்று கேட்பவர் எல்லா ஊரிலும் உண்டு. கேட்பதற்கு இது அன்பின் குரல் போலத் தோன்றும். சற்று நின்று சிந்தித்தால் வேறொன்று புலப்படும்.

கோயிலுக்குரிய எட்டுப் பரப்புக் காணியிலே, அதாவது அரை ஏக்கரிலே, இருபது குடும்பங்கள் ஒரே கிணற்றை நம்பித் தோட்டஞ் செய்வதாகக் கொள்ளலாம். இறைப்பு முறை எழுதப்படவில்லை. கோடை முற்றிய ஒரு நாள், விடியமுன் வந்து முதலில் மோட்டரைப் பூட்டியவர் தமது பாத்திகள் நிறையும்வரை இறைக்கின்றார். கிணறு வற்றிய பின்னர் வந்த கைம்பெண்ணின் கீரைப்பாத்தி வாடுகின்றது. அவர் வாய்திறந்து கேட்பாரா? முன்னர் இறைத்தவர் அவருக்கு மைத்துனர் முறையானவர். நாளை மகளின் கலியாணத்தில் முன்னின்று நடத்தவேண்டியவர். ஆகவே அவர் பேசாதிருந்து, அடுத்த போகத்திலே தோட்டத்தை விட்டு விலகிவிடுகின்றார். "அவவுக்குத் தோட்டஞ் செய்ய ஏலாது" என்று ஊர் சொல்லி முடித்துவிடும்.

எழுதாத விதியும் ஒரு விதிதான். வல்லவன் எடுத்தது அவனுக்கு என்பதே அந்த விதி. முறை எழுதப்பட்டிருந்தால் அப்பெண் மைத்துனரோடு வாதாடத் தேவையில்லை. "இன்று செவ்வாய், எனது முறை" என்று சொன்னாற் போதும். அவருக்காக ஏடு பேசும், உறவும் கெடாது. உறவு இருக்குமிடத்தில் விதி வேண்டாம் என்பது உரத்துப் பேசத் தெரிந்தவர்களுக்கு மட்டும் வசதியான வாதமாகும்.

யாழ்ப்பாணத்து முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். சகோதரர் காணி பிரிக்கும்போது கிணற்றிலே இன்னாருக்கு இன்ன பங்கு, வழிவாய்க்கால் இவ்விடத்தாற் செல்லும் என்று உறுதியிலே எழுதி வைத்தனர். அண்ணன் தம்பியை நம்பாமையால் எழுதப்பட்டதன்று அது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் பகைக்கக்கூடாதே என்பதற்காக எழுதப்பட்டது. வாய்வழக்காக இருந்த தேசவழமையே 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியின்போது எழுத்திலே தொகுக்கப்பட்டது.

நிலத்தின் கீழே வரம்பில்லை

"எனது பாத்தியில் நான் எதையும் போடுவேன், அயலவருக்கு அதனால் என்ன?" என்பது அடுத்த கேள்வி. பொதுத் தோட்டத்தில் ஒருவர் யூரியா போட்டாலோ மருந்தடித்தாலோ அது அவருடைய பாத்தியோடு நின்றுவிடுமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் இதற்குத் தெளிவான விடை தருகின்றது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கு இல்லை. மாரியிற் பெய்யும் மழைநீர் மண்ணினூடாக இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. அந்த நன்னீர் கீழேயுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. மேலே வரம்பு கட்டி, கதியால் நட்டு, வேலி அடைத்துப் பிரித்த காணிகளெல்லாம் கீழே ஒரே தண்ணீரைத்தான் குடிக்கின்றன. ஒருவர் அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலெழுந்து அடுத்தவர் கிணற்றையும் பழுதாக்கும். ஒருவர் அளவுக்கு மீறிப் போடும் இரசாயனப் பசளை நைத்திரேற்றாகக் கரைந்து எல்லாருடைய தண்ணீரிலும் சேரும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதே நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அது இவ்வெல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தண்ணீரிற் கரைத்த பாலைக் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும்.

எனவே இரசாயனம் வேண்டாம் என்ற விதி வெறும் சுவைக்கோ சந்தை விலைக்கோ உரியதன்று. அயல்வீட்டுத் தொட்டிலிற் கிடக்கும் பிள்ளைக்காக எழுதப்பட்டது அது. பூவரசங்குழையும் வேப்பங்குழையும் தாழ்த்து, எருப் போட்டு, ஆட்டுப்பட்டி அடைத்துப் பயிர் செய்த முன்னோரின் தோட்டத்திலே இத்தகைய விதிக்குத் தேவை இருக்கவில்லை. இன்று கடையில் நஞ்சு கிடைக்கின்றது, ஆகவே விதியும் வேண்டியிருக்கின்றது.

எவரும் காணாத வேளை

தண்ணீர் முறையை மீறினால் பலரும் காண்பர். இரவிலே ஒருவர் தமது மிளகாய்க்கு மருந்தடித்தால் யார் காண்பார்? இலை சுருண்டு பயிர் அழியும் தறுவாயிலே, கடன்பட்டுக் கன்று நட்டவருக்கு அந்த எண்ணம் வருவது இயல்பே. சேதனப் பயிர்ச்செய்கைக்குச் சான்றிதழ் வழங்கும் அமைப்புகள் பலவும், இரசாயனம் பட்ட நிலம் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னரே ஏற்கத்தக்கது என்கின்றன. ஓர் இரவின் செயல் இருபது குடும்பங்களின் மூன்றாண்டு உழைப்பை அழிக்கவல்லது.

காவல் வைப்பதால் மட்டும் இதனைத் தடுக்க முடியாது. மூலஸ்தானத்துக் கதவு பூட்டியபின்னும் உள்ளே இறைவன் இருக்கிறான் என்று நம்புகிறவன், தோட்டத்துப் படலை சாத்தியபின்னும் அவன் அங்கும் இருக்கிறான் என்று நம்பவேண்டும். அதேவேளை அந்த மனிதனை அவ்வெண்ணத்துக்குத் தள்ளாதிருப்பது ஏனையோரின் கடமையாகும். பீடை கண்டவர் அதனை ஒளிக்காது அன்றே அறிவித்தல், அறிவித்தவருக்கு எல்லாரும் கூடி நோய்ப்பட்ட செடிகளை அகற்றிக் கொடுத்தல், பயிர் இழந்தவருக்குப் பொது விளைச்சலிலிருந்து ஒரு பங்கு கொடுத்தல் ஆகிய மூன்றும் விதியில் இருந்தால் இரவிலே மருந்தடிக்கும் தேவை குறையும். தடுக்கும் விதியோடு தாங்கும் விதியும் சேரவேண்டும்.

அரசிக்கும் ஒரே விதி

விதி எழுதியபின் அது எல்லாருக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். கழற்சிங்க நாயனார் வரலாற்றிலே, திருவாரூர்க் கோயிலில் மாலை தொடுக்கும் இடத்தருகே விழுந்து கிடந்த பூவொன்றை அவருடைய பட்டத்தரசி எடுத்து மோந்தாள். அங்கு நின்ற செருத்துணை நாயனார் அவளுடைய மூக்கை அரிந்தார். செய்தியறிந்த மன்னர், பூவை முதலில் எடுத்தது கையல்லவா என்று கையையும் வெட்டினார். தண்டனையின் கொடுமையை எவரும் இன்று பின்பற்றவேண்டியதில்லை. இறைவனுக்குரிய பொதுப்பொருளின் முன்னே அரசியென்றும் அடியாரென்றும் வேறுபாடில்லை என்பதே அங்கு கொள்ளத்தக்கது. தலைவரின் மகன் முறை தவறி இறைத்தாலும், காவற்காரரின் மகன் முறை தவறி இறைத்தாலும் ஏட்டிலே ஒரே மாதிரியாகப் பதியப்பட வேண்டும்.

தண்டனையோ படிப்படியாக அமைதல் நன்று. முதன்முறை பாத்தியோரத்தில் நின்று தனியே சொல்லுதல். இரண்டாம் முறை கூட்டத்திலே சொல்லுதல். மூன்றாம் முறை ஒரு போகத்துக்குப் பாத்தியை இழத்தல். திருந்துவதற்கு வழி விடாத தண்டனை ஒருவரை ஊரிலிருந்து பிரித்துவிடும்.

இனி, கொடை பற்றிய மயக்கமும் உண்டு. பொதுத் தோட்டத்துப் பூசணிக்காயைத் தமது உறவினருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "தருமந்தானே செய்தேன்" என்பார் சிலர். இளையான்குடி மாற நாயனார் மழை இரவிலே, பசித்து வந்த அடியாருக்காக வயலில் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வந்தார். அது அவருடைய சொந்த வயல், அவருடைய கடைசி நெல். தன்னுடையதைக் கொடுப்பதே தருமம், பலருடையதைக் கொடுப்பது கையாடல். ஆயினும் ஊரிலே பசி இருக்கக்கூடாது. ஆகவே இரண்டு பாத்திகளை எல்லாரும் சேர்ந்து அன்னதானத்துக்கும் இல்லாதவருக்குமென ஒதுக்கி வைத்தால், பசித்தவர் களவெடுக்கவும் வேண்டாம், கையேந்தவும் வேண்டாம்.

விதி எங்கிருந்து வரவேண்டும்?

நல்ல விதியாயினும் மேலிருந்து திடீரென விழுந்தால் வேர் பிடிக்காது. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. போதிய சேதனப் பசளை இல்லை. கமக்காரருக்குப் பழகக் காலமும் இல்லை. விளைச்சல் வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. நோக்கம் நல்லதாயிருப்பது மட்டும் போதாது, கடைப்பிடிக்க வேண்டியவரின் சம்மதமும் வேண்டும் என்பதே அதன் படிப்பினை.

பொதுவில் உள்ளதை மனிதர் தமது பேராசையால் அழித்தே தீருவர் என்ற கருத்தை அமெரிக்க அறிஞர் கரெற் ஹார்டின் 1968 இல் எழுதினார். அது எங்கும் உண்மையன்று என்று பல நாட்டுக் கிராமங்களை ஆராய்ந்து காட்டியவர் எலினோர் ஒஸ்ட்ரம் அம்மையார். 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. அவர் எடுத்துக்காட்டிய சுவிற்சர்லாந்து மலைக்கிராமமொன்றில், மாரியிலே தன் வீட்டுத் தீனியால் வளர்க்கக்கூடிய மாடுகளுக்கு மேலாக ஒன்றையும் பொது மேய்ச்சல் தரைக்கு அனுப்பக்கூடாது என 1517 ஆம் ஆண்டிலேயே விதி இருந்தது. ஸ்பெயின் நாட்டு வலென்சியாவிலே, வாய்க்கால் நீர்ப் பிணக்குகளைத் தீர்ப்பதற்குக் கமக்காரரே தெரிவுசெய்த நடுவர்கள் வியாழக்கிழமைதோறும் நண்பகலில் தேவாலய வாசலிற் கூடுகின்றனர். வழக்கும் தீர்ப்பும் வாய்மொழியாகவே நடைபெறும். எந்தச் சமயமாயினும் வழிபாட்டிடத்தின் வாசலிலே பொய் சொல்ல மனிதனுடைய நா கூசும். பொதுத் தோட்டத்தின் மாதக் கூட்டத்துக்குக் கோயில் மண்டபத்தை விடப் பொருத்தமான இடம் வேறில்லை.

ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். விதிகள் எல்லாமே நீதியானவை அல்ல. சாதியின் பெயரால் மனிதரைக் கிணற்றுக்கட்டில் மிதிக்க விடாத விதிகளும், கோயில் வாசலில் நிறுத்திவைத்த விதிகளும் ஒருகாலத்தில் இருந்தன. 1957 ஆம் ஆண்டில் அத்தகைய தடைகளுக்கு எதிராகச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஆகவே ஒரு விதியை எழுதும்போது அதனாற் காக்கப்படுவது யார், வெளியே நிறுத்தப்படுவது யார் என்று கேட்டே எழுதுதல் வேண்டும். ஆட்டையும் மாட்டையும் மறிப்பதற்கே வேலி, மனிதரை மறிப்பதற்கன்று.

இருபது குடும்பமும் மண்டபத்திலே கூடியிருந்து, எல்லாருக்கும் விளங்கும் தமிழிலே, ஒரே கடதாசியில் அடங்கும்படி எழுதினாற் போதும். இறைப்பு முறைக்கு நாள் குறித்தல். நஞ்சும் செயற்கைப் பசளையும் விலக்கல். மாதத்தில் ஒரு நாள் எல்லாரும் சிரமதானத்துக்கு வருதல். முதியவருக்கும் நோயாளருக்கும் அதில் விலக்களித்தல். மண்வெட்டியை மண் கழுவி வைத்தல். கணக்கைக் கூட்டத்தில் வாசித்தல். தேவையானபோது விதியைத் திருத்தல். கீழே இருபது கையொப்பம். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டியபின் பெருவிரல் அடையாளம்.

அந்தக் கடதாசி இருக்குமிடத்தில், கடைசியாக வரும் கைம்பெண்ணின் பாத்திக்கும் தண்ணீர் பாயும். எளியவரின் பாத்தி நனைந்த தோட்டத்தில் விளைந்த கத்தரிக்காயே அம்பாளின் திருவமுதுக்கு உகந்தது. உலகுக்கெல்லாம் அன்னமளிக்கும் அன்னை, ஊர்மக்கள் யாவரும் ஒருமனப்பட்டு வாழ அருள்பாலிப்பாளாக.