பில்லில் இல்லாத பெயர்

மெனு கார்டில் விலை போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று போட்டுப் பார்த்ததுண்டா?

பெருவின் தலைநகர் லிமாவில் 'சென்ட்ரல்' என்று ஓர் உணவகம். விர்ஹிலியோ மார்ட்டினெஸ், பியா லியோன் என்ற கணவன் மனைவியின் கைவண்ணம். 2023ல் 'உலகின் 50 சிறந்த உணவகங்கள்' பட்டியலில் முதலிடம் பிடித்தது. இங்கே சூப், சாப்பாடு, ஸ்வீட் என்ற வரிசையெல்லாம் கிடையாது. பசிபிக் கடலுக்கு அடியில் ஆரம்பித்து, பாலைவனக் கரை, அமேசான் காடு, ஆண்டிஸ் மலை என்று 4,000 மீட்டருக்கு மேல் வரைக்கும் ஏறி இறங்குவார்கள். ஒவ்வொரு தட்டும் ஓர் உயரம்.

பில்லும் உயரம்தான். ஓர் ஆளுக்கு ஆகும் தொகை, அந்த நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தோடு போட்டி போடும்.

'அடப்பாவிகளா, ஒரு வேளைச் சோத்துக்கு ஒரு மாசச் சம்பளமா?' என்கிறீர்களா? தத்துவப் பேராசிரியர் பீட்டர் சிங்கரும் 1972ல் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டார். குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது. இறங்கினால் உங்கள் உடுப்பு சேறாகும். அதற்காக இறங்காமல் இருப்பீர்களா? மாட்டீர்கள். அப்படியானால் எங்கோ பட்டினி கிடக்கும் குழந்தைக்காக ஓர் ஆடம்பரத்தை விட்டுக்கொடுக்க மட்டும் ஏன் தயக்கம்?

லிமாவில் அந்தக் குழந்தை எங்கோ இல்லை, அதே ஊரில்தான் இருக்கிறது. 2020ல் கொரோனா ஊரடங்கில் வேலை போனபோது, மலைச்சரிவுக் குடிசைகளில் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பொதுப் பானையில் சமைத்துத் தெருவுக்கே பரிமாறினார்கள்.

'பணக்காரன் செலவு பண்ணினாத்தானே ஏழைக்கு வேலை?' என்று ஒரு கட்சி உண்டு. என்னைப் போல காமர்ஸ் படித்தவர்களுக்கு மனப்பாடமான பதில். ஆனால் இதை வைத்து எதையும் நியாயப்படுத்திவிடலாம். சூதாட்ட கிளப்கூட நாலு பேருக்கு வேலை கொடுக்கத்தான் செய்கிறது. பணம் யார் கைக்குப் போகிறது என்று பார்க்காமல் தீர்ப்பு சொல்ல முடியாது.

கினோவா கதையைக் கேளுங்கள். ஆண்டிஸ் விவசாயிகளின் அன்றாடத் தானியம் அது. மேல்நாட்டுக்காரர்களுக்கு அதன் மேல் மோகம் வந்ததும், 2013 வாக்கில் விலை எகிறியது. 'விளைவித்தவனே வாங்கிச் சாப்பிட முடியவில்லை' என்று பத்திரிகைகள் புலம்பின. பிறகு பொருளாதார நிபுணர்கள் பெருவின் குடும்பக் கணக்குகளை அலசினார்கள். 2018ல் வெளியான முடிவு, விலையேற்றத்தால் அந்தக் குடும்பங்களுக்குச் சின்ன அளவில் நன்மைதான் என்றது. ஆக, விலை கொடுத்துச் சாப்பிடுவதே பாவம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2014க்குப் பிறகு விலை சரிந்தது. சாப்பிட்டவருக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. நட்டவருக்குத்தான் அடி.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. ஆண்டிஸில் ஆயிரக்கணக்கான ரக உருளைக்கிழங்குகள் உண்டு. சில ரகங்கள் கசப்பு, அப்படியே தின்றால் விஷம். அந்த மக்கள் அதை இரவுப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் காயவைத்து, வருஷக்கணக்கில் கெடாத 'சுன்யோ' ஆக்கினார்கள். எத்தனை தலைமுறை ஆராய்ச்சி! ஒரு கம்பெனி செய்திருந்தால் பேடன்ட் வாங்கியிருக்கும். பாட்டிகள் செய்ததால் எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் ஏறவில்லை. 'குட்வில்' மொத்தமும் போர்டில் இருக்கும் பெயருக்குப் போய்விடுகிறது.

இதைத் திருப்பித் தர வழியே இல்லையா? இருக்கிறது. மார்ட்டினெஸ் 2018ல் மொராய் என்ற இடத்தில், இன்காக்களின் வட்டப் படிக்கட்டு வயல்களுக்குப் பக்கத்தில், 'மில்' என்ற உணவகம் திறந்தார். பக்கத்துக் கிராமத்தாரோடு சேர்ந்து அங்கே பயிரிடுகிறார்கள். காஸ்டன் அகுரியோ என்ற பெரிய சமையல்காரர், லிமாவின் ஏழைப் புறநகரான பச்சாகுட்டெக்கில் சமையல் பள்ளி அமைத்தார். பழைய கடன் இதனாலெல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை. கடன் இருப்பதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சிங்கரின் கேள்விக்கும் இது முழு பதில் ஆகாது. அந்தக் குழந்தை இன்னும் குளத்தில்தான் இருக்கிறது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் எல்லா ஆடம்பரத்தையும் விடப்போவதில்லை. குறைந்தபட்சம் ஒன்று செய்யலாம். அடுத்த முறை பெரிய ஓட்டலில் பெரிய பில் கட்டும்போது, 'இதை விளைவித்தது யார், அவருக்கு என்ன கிடைத்தது?' என்று கேளுங்கள். பரிமாறுகிறவர் விழிக்கலாம். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.