பூஜ்ஜியத்துக்குக் காவல்

எங்கள் ஊர்ப் பக்கம் ‘கம்யூனிட்டி’ என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். தாலுகா ஆபீசில் வாங்கும் சாதிச் சான்றிதழ். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று பாலாற்றுப் பக்கம் இருக்கும் இந்தத் தோல் தொழில் ஊர்களில், ‘ஒரு தீவுல கம்யூனிட்டியே சேர்ந்து மலேரியாவை ஒழிச்சிடுச்சு’ என்று யாரிடமாவது சொன்னால், ‘எந்தக் கம்யூனிட்டி?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். சிரிக்க வேண்டாம். பொதுச் சுகாதாரத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊரே சேர்ந்து செய்தது என்று ஓர் அறிக்கை சொல்கிறது. அந்த ஊரில் யார் யார் அடக்கம்? யார் முடிவெடுத்தார்கள், யார் மாத்திரை விழுங்கினார்கள், யார் தொட்டி கழுவினார்கள்?

இந்தக் கேள்வியோடு கொஞ்ச நாளாகத் தீவுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

*

பசிபிக் கடலில், வனுவாட்டு நாட்டின் தென்கோடியில் அனெய்ட்டியம் என்றொரு சின்னத் தீவு. 1991இல் அங்கே எழுநூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். ஜப்பானிய ஆய்வாளர் அகிரா கனேகோவின் குழு அந்த ஆண்டு தீவுவாசிகளோடு சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கியது. வாரம் ஒருமுறை வீதம் ஒன்பது வாரங்களுக்கு, காய்ச்சல் இருக்கிறவர் இல்லாதவர் என்று பிரிக்காமல் ஊர் மொத்தத்துக்கும் மலேரியா மாத்திரை. கூடவே மருந்து தோய்த்த கொசுவலைகள், தண்ணீரில் கொசுப்புழு தின்னும் மீன்கள். ஃபால்சிபாரம் வகை மலேரியா சீக்கிரமே மறைந்தது. வைவாக்ஸ் வகை சில ஆண்டுகள் கழித்து மறைந்தது. 2002இல் வைவாக்ஸ் மறுபடி தலைகாட்டியபோது அதையும் அடக்கினார்கள். நோயைக் கண்காணிக்கும் வேலையை உள்ளூர்க்காரர்களே பழகிக்கொண்டார்கள்.

என்னைப் போன்ற மென்பொருள்காரனுக்கு இதைப் படித்தால் உற்சாகம் வரும். எல்லை தெளிவாக இருக்கிற, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எண்ண முடிகிற ஒரு சிஸ்டம். தீர்வை இங்கே சோதித்துப் பார்த்துவிட்டுப் பெரிய நிலத்துக்குக் கொண்டுபோகலாம் என்று மனசு உடனே கணக்குப் போடும். ஆனால் அங்கே இருந்தது சர்வர் இல்லை, எழுநூறு உடம்புகள். அதில் பாதிப் பேருக்கு மேல் அன்றைக்குக் காய்ச்சலே இருந்திருக்காது. நன்றாக இருக்கிற ஒருத்தரிடம் போய், ‘உங்களுக்காக இல்லை, பக்கத்து வீட்டுக் குழந்தைக்காக இதை விழுங்குங்கள்’ என்று கேட்க நமக்கு என்ன உரிமை?

பிரைமாக்வின் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபால்சிபாரம் நோயாளிக்கு அதை ஒரே ஒரு சிறிய அளவில் தருவதுண்டு. அவருடைய காய்ச்சலை மற்ற மருந்துகள் குணப்படுத்திவிடும். அவரைக் கடிக்கிற கொசுவுக்குக் கிருமி தொற்றாமல் இருக்கத்தான் இந்த மாத்திரை. பலன் முழுக்க அண்டை வீட்டாருக்குப் போகிறது. அதே மருந்தை வைவாக்சுக்குப் பல நாள் தரும்போது, ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடையும் ஆபத்து உண்டு. அதனால்தான் கவனமாகத் தரச் சொல்கிறார்கள். ஒருவருக்கு ஆபத்து, இன்னொருவருக்கு நன்மை. நம் ஒழுக்கக் கணக்கு திணறுகிற இடம் இதுதான்.

ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1980களில் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: தடுப்பு முரண். சமூகம் முழுமைக்கும் பெரிய நன்மை தரும் ஒரு தடுப்பு நடவடிக்கை, அதில் கலந்துகொள்ளும் தனி ஆளுக்குப் பெரும்பாலும் மிகச் சின்ன நன்மையைத்தான் தருகிறது. நோய் குறையக் குறைய அந்தச் சின்ன நன்மையும் தேய்கிறது. கடைசி நோயாளியை நெருங்கும்போது ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சுவதில்லை. அங்கேதான் முயற்சியோ அதிகம் தேவைப்படுகிறது.

*

இது தூரத்துத் தீவுக் கதை இல்லை. நான் பள்ளியில் படித்த காலத்தில் ஆம்பூர் வேலூர் மாவட்டத்தில் இருந்தது (2019இல்தான் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது). யானைக்கால் நோய் இருந்த தமிழக மாவட்டங்களில் வேலூரும் ஒன்று. வருஷத்துக்கு ஒருமுறை வீடு வீடாக வந்து டிஇசி மாத்திரையும் அல்பெண்டசோலும் தருவார்கள். சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், ரொம்ப முடியாதவர்கள் தவிர எல்லோருக்கும்.

அந்தத் திட்டத்தில் ஒரு சங்கடம் உண்டு. இரத்தத்தில் யானைக்கால் புழுக்குஞ்சுகள் இருப்பவர் மாத்திரை போட்டால், அவை சாகும்போது காய்ச்சலும் தலைசுற்றலும் வரலாம். அவருக்கோ அதுவரை எந்த அறிகுறியும் இருந்திருக்காது. ‘நல்லாத்தானே இருந்தேன், மாத்திரை போட்டதும் படுத்துட்டேன்’ என்பார். தெருவே அதைக் கேட்கும். மாத்திரை யாருக்கு மிகவும் தேவையோ அவரே அதற்கு எதிரான சாட்சி ஆகிவிடுகிறார். அவர் பொய் சொல்லவும் இல்லை.

விளைவு என்ன? மாத்திரை வாங்கிக்கொள்வார்கள், விழுங்க மாட்டார்கள். அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் போய்விடும். விநியோகித்த எண்ணிக்கை வேறு, விழுங்கிய எண்ணிக்கை வேறு. மொத்த மக்களில் குறைந்தது 65 சதவீதம் பேராவது விழுங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். கண்முன்னால் விழுங்க வைக்கும் முறை இதனால்தான் வந்தது. எங்கள் துறையில் டாஷ்போர்டு பச்சையாக இருக்கும், ஆப் வேலை செய்யாது. இதுவும் அந்த வகைதான். அந்த இடைவெளியை அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் தெரிவது வாய்விட்டுச் சொல்லப்படாத ஒரு மறுப்பு. வாசலில் நிற்கும் நர்ஸ் அக்காவின் முகத்துக்காக வாங்கிக்கொள்கிறார்கள், உடம்புக்குள் விட மறுக்கிறார்கள். காரணத்தை யாரும் கேட்டதில்லை.

*

‘பொது நன்மைக்கு எல்லோரும் உழைக்கணும், அதுதானே நம்ம மரபு’ என்று ஒரு பதில் தயாராக இருக்கும். குடிமராமத்தைக் காட்டுவார்கள். ஊர் கூடி ஏரியைத் தூர்வாரிய பொற்காலம்.

அந்தப் பொற்காலத்துக்கு ஒரு சட்டமும் இருந்தது. 1858இன் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம். ஏரி, கால்வாய் வேலைக்குக் கிராமத்தாரைக் கட்டாயமாக இறக்க அது அதிகாரம் தந்தது. சட்டம் வரும் முன்பும் சேற்றில் இறங்கியவர்கள் யார், கரையில் நின்று கணக்குப் பார்த்தவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் வேலை பல ஊர்களில் தலித் குடும்பங்களுடையது. அந்தத் தண்ணீர் பாய்ந்த வயல் அவர்களுடையது இல்லை. ‘ஊர்’ கூடியது, ‘சேரி’ வேலை செய்தது. தமிழில் இந்த இரண்டு சொற்களும் இன்னும் பிரிந்துதான் கிடக்கின்றன. ஆகவே சமூகப் பங்கேற்பு என்ற சொல்லைக் கேட்டால், பங்கு யாருக்கு, ஏற்பு யாருடையது என்று பிரித்துப் பார்க்காமல் என்னால் நகர முடியவில்லை.

அப்படியானால், ஒன்றுபட்ட சமூகம் ஒன்று உருவாகும் வரை கொசுவுக்காகக் காத்திருப்பதா? இங்கேதான் இலங்கை என் யோசனையைத் திருப்பியது.

*

1934–35இல் இலங்கையில் வந்த மலேரியாக் கொள்ளைநோயில் சுமார் 80 ஆயிரம் பேர் செத்தார்கள். 1940களின் நடுவில் வீடுகளுக்குள் டி.டி.டி. தெளிப்பு தொடங்கியது. 1963இல் தீவு முழுக்கப் பதிவான நோயாளிகள் 17 பேர். அவர்களிலும் பாதிக்கு மேல் வெளியிலிருந்து தொற்றோடு வந்தவர்கள். ஜெயித்தாயிற்று என்று தெளிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1968–69இல் ஐந்து லட்சம் பேருக்கு மேல் காய்ச்சலில் விழுந்தார்கள்.

17 என்ற எண்ணை முடிவு என்று படித்தார்கள். அதைக் காவல் காக்க வேண்டிய எண் என்று படித்திருக்க வேண்டும்.

மறுபடி மேலே ஏற முப்பது, நாற்பது வருஷம் ஆயிற்று, அதுவும் உள்நாட்டுப் போருக்கு நடுவே. 1999இல் 2 லட்சத்து 64 ஆயிரம் பேருக்கு மலேரியா. போர் நடந்த வடக்கு, கிழக்கு மாவட்டங்களில்தான் சுமை அதிகம். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலும் மலேரியாத் தடுப்பு வேலை முற்றாக நின்றுவிடவில்லை. வலையும் மருந்தும் அங்கேயும் போயின. நடமாடும் கிளினிக்குகள் காய்ச்சல் இல்லாதவர்களின் விரலிலும் குத்தி இரத்தம் எடுத்தன. சர்வோதயம் போன்ற அமைப்புகள் வலை விநியோகத்தில் இறங்கின. வேறு சில ஊர்களில் விவசாயிகள் வயல்வெளிப் பள்ளிகளில் பூச்சியோடு சேர்த்துக் கொசுவையும் படித்தார்கள். 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய நோயாளி இல்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

அந்தத் தீவில் ஒரு ‘கம்யூனிட்டி’ இல்லை. ஒரே கொடி இல்லை, ஒரே மொழி இல்லை, ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் விரலை நீட்டினார்கள். பூஜ்ஜியத்துக்கு ஒற்றுமை முன்நிபந்தனை இல்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலில் ரொம்ப நேரம் உட்காரவும் முடியவில்லை. அதே வன்னி மக்கள் 2009இல் முள்ளிவாய்க்காலில் என்ன ஆனார்கள் என்பது நமக்குத் தெரியும். ஒருவரைக் கொசுவிடமிருந்து காப்பாற்றும் அரசு அவரை மனிதராக மதிக்கிறது என்று அர்த்தமில்லை. மலேரியாவின் பூஜ்ஜியம் நீதியின் சான்றிதழ் ஆகாது. ஆனால் அந்த மக்கள் செய்த காரியம் அதனால் சின்னதாகவும் ஆகிவிடாது. தங்களுக்கு ஒன்றும் செய்யாத எத்தனையோ பேரின் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் அவர்கள் விரலை நீட்டியிருக்கிறார்கள்.

*

சான்றிதழ் வந்த சில மாதங்களிலேயே மன்னாரில் ஒரு புதிய விருந்தாளி பிடிபட்டது. அனாஃபிலஸ் ஸ்டீபென்சி. தென்னிந்திய நகரங்களின் மொட்டைமாடித் தொட்டிக்கும் கிணற்றுக்கும் பழகிய மலேரியாக் கொசு. 2012இல் ஜிபூட்டியில், 2016இல் எத்தியோப்பியாவில் கண்டுபிடிக்கப்பட்டதும் இதுவே. எங்கள் பக்கத்துத் தோல் டெக்னீஷியன்கள் எத்தியோப்பியா வரை போய் வேலை பார்க்கிறார்கள். ஆளும் சரக்கும் கிருமியும் கொசுவும் பயணம் செய்கிற உலகத்தில், தீவு என்று ஒன்று வரைபடத்தில்தான் இருக்கிறது. எவனோ ஒருவனின் தொட்டி இன்னொரு நாட்டின் பூஜ்ஜியத்தைத் தொடுகிறது.

எங்கள் தெருவுக்கு வரும் கொசு ஒழிப்புப் பணியாளர் ஒருவரிடம் அம்மா ஒருநாள் சலித்துக்கொண்டார்.

“போன வாரந்தானே வந்து பாத்துட்டுப் போன? திரும்பவும் இன்னாத்துக்கு?”

“கொசு வாரா வாரம் பொரிக்குதும்மா. அது லீவு போட்டா நானும் போட்டுக்குவேன்.”

ரோஸ் எழுதியதற்கும் இலங்கையின் 1963க்கும் சேர்த்து இதைவிடச் சுருக்கமான உரை எனக்குத் தெரியாது. அதைச் சொன்னவர் தினக்கூலி. வேலை நன்றாக நடந்தால் நோய் இருக்காது. நோய் இல்லையென்றால் ‘இத்தனை ஆள் எதுக்கு?’ என்று முதலில் கழிக்கப்படுவது அவருடைய பெயர்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு எனக்குத் தெளிவாவது இது. என் உடம்புக்குள் போகும் மாத்திரைக்கும் என் மாடியில் இருக்கும் தொட்டிக்கும் வித்தியாசம் உண்டு. மாத்திரையை மறுக்க எனக்கு உரிமை இருக்க வேண்டும். அதன் ஆபத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ள யாராவது பொறுப்பேற்க வேண்டும். இவை இருந்தால்தான் நான் விழுங்குவது ஒரு கொடை, இல்லையென்றால் வெறும் கீழ்ப்படிதல். தொட்டி விஷயம் அப்படி இல்லை. அதில் புழு வளர விடும் உரிமை எனக்குக் கிடையாது. அதை மூடி வைப்பதில் நான் இழப்பதும் ஒன்றுமில்லை.

ஆனால் தொட்டியே இல்லாமல், நாலைந்து நாளுக்கு ஒருமுறை வரும் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்கும் வீட்டுக்கு இதே கண்டிப்போடு அபராதச் சீட்டு நீட்டலாமா? டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் நம் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. அதே தர்க்கத்தைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். தினமும் குழாயில் தண்ணீர் தராதவர்தான் அந்த டிரம்முக்கு முதல் பொறுப்பாளி. அவர் தன் பங்கைச் செய்யாமல், டிரம் வைத்திருப்பவரிடம் மட்டும் ‘சமூகப் பங்கேற்பு’ கேட்பது 1858இன் குரல்தான்.

அனெய்ட்டியத்தில் வேலை நடந்ததற்குத் தீவின் சிறுமை மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். அங்கே கேட்பவரும் கேட்கப்படுபவரும் ஒரே கொசுவிடம் கடி வாங்கினார்கள். அந்தச் சமத்துவம் பெரிய நிலத்தில் தானாக வராது. கூலியாக, குழாய்த் தண்ணீராக, மறைக்காத தகவலாக அதைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்த பிறகு நம்மிடம் கேட்கப்படுவது பெரிய தியாகம் எதுவும் இல்லை. வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்க்க வேண்டும். நன்றாக இருக்கிற நாளிலும் விரலை நீட்ட வேண்டும். நோயே இல்லாத வருஷத்திலும், வாசலில் வந்து நிற்கிறவருக்குச் சம்பளம் போய்ச் சேருகிறதா என்று கவுன்சிலரிடம் கேட்க வேண்டும். இந்த மூன்றில் கடைசியைத்தான் நம்மில் பலர் இன்னும் தொடங்கவே இல்லை.