தலைப்பில் ஏன் பம்முகிறீர்கள்?

சிதம்பரத்தில் எம்.டி. படிக்கும் தம்பியே, கடலூரில் வார்டு டியூட்டி முடித்து தீசிஸ் எழுத உட்காரும் தங்கையே! ஊர் உலகத்து ஆய்வுகளையெல்லாம் தேடி, சலித்து, எடைபோட்டு ஒரு சிஸ்டமேட்டிக் ரிவ்யூவை முடித்தவர்கள் நீங்கள். இத்தனை உழைத்தவர்களுக்குத் தலைப்பு வைக்கும்போது மட்டும் ஏன் கை நடுங்குகிறது? ‘நீரிழிவுப் புண் மேலாண்மையில் தேனின் பங்கு: ஒரு கண்ணோட்டம்’ என்று எழுதுகிறீர்கள். யாருடைய புண்? தேனை என்ன செய்தார்கள்? படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. நேராகச் சொன்னால் கைடு என்ன நினைப்பாரோ என்ற பயம்தான் அந்தக் ‘கண்ணோட்டம்’.

அடியுங்கள் அதை! ‘பெரியவர்களின் நீரிழிவுக் கால் புண் ஆறத் தேன் கட்டு: சிஸ்டமேட்டிக் ரிவ்யூ’ என்று எழுதுங்கள். என்ன சிகிச்சை, எந்த நோய்க்கு, யாருக்கு, எவ்வகை ஆய்வு, நான்கும் ஒரே வரியில் வந்துவிட்டன. என்ன சிகிச்சை, எந்த நோய்க்கு என்று நேராகச் சொல்வதில், சிஸ்டமேட்டிக் ரிவ்யூக்களை வெளியிடும் காக்ரேன் அமைப்பின் தலைப்புகளும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இத்தகைய ரிவ்யூக்களை எழுதுவதற்கு வழிகாட்டும் பிரிஸ்மா 2020 பட்டியலின் 27 அம்சங்களில் முதலாவதே, இது சிஸ்டமேட்டிக் ரிவ்யூ என்று தலைப்பில் தெரியவேண்டும் என்பதுதான். ஒன்று மட்டும் கவனம்: தலைப்பில் ஆய்வின் கேள்வி இருக்கட்டும், தீர்ப்பு வேண்டாம்.

தலைப்பு வெறும் அலங்காரம் என்பவர்களே, கடலூரின் தேவனாம்பட்டினத்தை நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26. சுனாமி அடித்த கரைகளில் எது உதவும், எது கெடுக்கும் என்று உடனே தெரியவேண்டியிருந்தது. பேரிடர் நேரத்துக்கு ஆய்வு ஆதாரங்களைத் திரட்டித் தரும் ‘எவிடன்ஸ் எய்ட்’ முயற்சியைக் காக்ரேன் ஆய்வாளர்கள் தொடங்கியது அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான். அப்போதே ஒரு காக்ரேன் மதிப்பாய்வு கைவசம் இருந்தது. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயைத் தடுக்க, நடந்ததைப் பேசவைக்கும் அமர்வு உதவுமா என்பது அதன் பொருள். தலைப்பிலேயே சிகிச்சையும் நோக்கமும் இருந்தன. ஒரே ஒரு அமர்வு அந்த நோயைத் தடுக்கவில்லை என்பது அது கண்ட முடிவு. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயிடம் ‘நடந்ததைச் சொல்லும்மா’ என்று கேட்கக் கிளம்புகிறவர் முதலில் படிக்கவேண்டிய தாள் அது! மழுப்பலாக ஒரு தலைப்பு வைத்திருந்தால் அவசரத்தில் தேடுகிறவர் கண்ணில் படுமா?

‘தானே’ புயலையும் 2015 வெள்ளத்தையும் கண்டது நம் கடலூர் மாவட்டம். அடுத்த வெள்ளத்தின்போது ஏதோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செல்போனில் தேடும் மருத்துவருக்கு உங்கள் தாள் அகப்பட வேண்டும். அதற்கான உழைப்பை முழுதாகக் கொடுத்துவிட்டீர்கள். கைடு தயங்கினால் பிரிஸ்மா பட்டியலை மேசைமேல் வைத்துப் பணிவாக, ஆனால் விடாமல் வாதாடுங்கள். நாளைக் காலையே போங்கள்!