மூன்று நாள் விருந்தும் ஆறு மாத அலையும்

உலகின் அலைச்சறுக்கல் தலங்களை வரிசைப்படுத்தும் பயண நூல்களும் சஞ்சிகைகளும் ஒரு வழக்கத்தைத் தவறாமல் கைக்கொள்கின்றன. அலையின் உயரம், காற்றின் திசை, அடியில் பாறையா மணலா என்பதையெல்லாம் விவரித்துவிட்டு, 'இவ்வூர் மக்கள் சிநேகமானவர்கள், முகமலர்ச்சியோடு வரவேற்பவர்கள்' என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுவார்கள். நமது அறுகம்பைக்கும் அந்த வரி நெடுங்காலமாகக் கிடைத்து வந்திருக்கிறது. அலையின் உயரத்தை அளக்கலாம். ஒரு ஊராரின் சிநேகத்தை யார், எதைக்கொண்டு அளக்கிறார்கள்? அந்தச் சிநேகம் வந்தவருக்கு நாம் செலுத்தவேண்டிய கடனா? விலை பெற்றுக்கொண்டு கொடுப்பதை விருந்தோம்பல் என்று சொல்லத் தகுமா? இக்கேள்விகள் அறுகம்பைக்கு மட்டும் உரியனவல்ல. எனினும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பொத்துவிலின் வாசலில் இக்கடற்கரை இருப்பதால், அங்கிருந்தே தொடங்குவது முறையாகும்.

மே தொடக்கம் ஒக்டோபர் வரை, தெற்கே வெகுதொலைவில் இந்து சமுத்திரத்தில் மூளும் புயல்களின் அலைகள் வடக்கு நோக்கி ஓடிவந்து, அறுகம்பை முனையைச் சுற்றி வளைந்து, வலப்புறமாக நீண்டு உடைகின்றன. தென்மேல் பருவக்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசி அந்த அலையை நிமிர்த்திப் பிடிக்கின்றது. ஆறு மாதம் இது நடக்கும். அந்த ஆறு மாதத்துக்குத்தான் உல்லையில் கபானாக்கள் நிரம்புகின்றன, ஓட்டோக்கள் பலகைகளைக் கூரையில் கட்டிக்கொண்டு ஒக்கந்தை வரை ஓடுகின்றன. மிச்ச மாதங்களில் அந்தக் கரை மீனவர்களுடையது. உண்மையில் எல்லா மாதங்களிலும் அது அவர்களுடையதுதான். இந்த வித்தியாசம் பயண நூல்களில் வருவதில்லை.

நம் மொழியில் 'விருந்து' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை என்பதாகும். புதிதாக வந்தவன் விருந்தினன். அறிமுகமானவன், உறவுக்காரன் என்பது அச்சொல்லின் மூலத்தில் இல்லை. அல்குர்ஆன் காட்டும் இப்ராஹீம் (அலை) அவர்களின் விருந்தும் அப்படிப்பட்டதே. வந்தவர்களை அவர் அறியமாட்டார். அறியாதவர்கள் என்பதை உணர்ந்த பின்னரும், சத்தமில்லாமல் வீட்டாரிடம் சென்று கொழுத்த கன்றொன்றைச் சமைத்துக் கொண்டுவந்து முன்வைக்கிறார். 'சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்டு அவர்களைக் கூச்சப்பட வைக்கவில்லை. அவர்கள் உண்ணாமல் இருந்தபோதுதான் அவருக்கு அச்சம் வருகிறது. முதலில் உணவு, பிறகுதான் 'நீங்கள் யார்?' என்ற விசாரணை. இன்றைய விடுதியில் இந்த ஒழுங்கு தலைகீழாகிவிட்டது. முதலில் கடவுச்சீட்டு, அடுத்தது கடனட்டை, கடைசியில் இளநீர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வியாபாரம் ஹலால். ஆனால் வியாபாரத்தை வியாபாரம் என்றே அழைக்கலாமே என்றுதான் சொல்கிறேன்.

நபி (ஸல்) அவர்கள் விருந்துக்குக் காலவரையறை வைத்தார்கள்: மூன்று நாள். அதற்கு மேல் கொடுப்பது ஸதகா. இந்த ஹதீஸை நம் மௌலவிமார் விருந்தளிப்பவரின் கடமையாகவே பெரும்பாலும் எடுத்துச் சொல்கின்றனர். அதன் மற்றப் பாதியைச் சொல்வது குறைவு: வீட்டுக்காரனைச் சங்கடத்தில் தள்ளும் அளவுக்கு விருந்தினன் தங்கியிருப்பது ஆகாது. ஆக, விருந்து என்பது இரு பக்கமும் கட்டுப்பட்ட ஓர் உறவு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்களுக்குப் புத்தளம் மக்கள் திறந்துகொடுத்த வாசலை எண்ணிப் பாருங்கள். பள்ளிவாசல், பாடசாலை, தென்னந்தோப்பு எல்லாம் திறந்தன. மூன்று நாள் மூன்று தசாப்தமானபோது தண்ணீரிலும் காணியிலும் தொழிலிலும் உரசல்கள் வந்தன. அதற்காக அந்த முதல் நாட்களின் விருந்து பொய்யாகிவிடவில்லை. விருந்தினராக வந்தவரை அயலவராகவும் குடிமகனாகவும் ஏற்றுக்கொள்ளும் அடுத்த கட்டத்துக்கு வேறொரு பெயரும் வேறொரு நீதியும் தேவைப்படுகின்றன. அதை வழங்கவேண்டியது அயல்வீட்டார் அல்லர், அரசு.

இமானுவல் கான்ற் 1795இல் நிரந்தர சமாதானம் பற்றி எழுதியபோது ஒரு நுட்பமான பிரிப்பைச் செய்தார். பூமி உருண்டையானது, மனிதர் எல்லையின்றிப் பரந்து செல்ல முடியாது, எனவே ஒருவர் மண்ணில் மற்றவர் கால்வைக்க நேரும். அப்படி வருபவனுக்குப் பகைவனாக நடத்தப்படாதிருக்கும் உரிமை உண்டு. ஆனால் அது வருகை தரும் உரிமை மட்டுமே. தங்கி விருந்துண்ணும் உரிமை அன்று. ஐரோப்பியர் பிற நாடுகளுக்குச் 'செல்வது' என்பதை 'வெல்வது' என்றே விளங்கிக்கொண்டார்கள் என்று அவரே கண்டித்தும் எழுதினார். இரண்டு நூற்றாண்டுகளின் பின் பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதா இவ்விடத்தைத் தோண்டி எடுத்தார். நிபந்தனையற்ற விருந்தோம்பல் என்பது பெயர்கூடக் கேட்காமல் கதவைத் திறப்பது. ஆனால் கதவைத் திறப்பதற்கு முதலில் அந்த வீடு தன்னுடையதாக இருக்கவேண்டும். அந்த அதிகாரமே விருந்துக்கு எல்லையும் போட்டுவிடுகிறது என்றார் அவர். வீடில்லாதவன் விருந்தளிக்க முடியாது.

இது வெறும் ஏட்டுப் பேச்சன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை உல்லையை வாரிச் சென்றது. அதன்பின் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் எவரும் மீளக் கட்டக்கூடாது என்று தடை வந்தது. உல்லாச விடுதிகளுக்கு மட்டும் விலக்கு. அலைக்கு அஞ்சி மீனவனின் வாடியை அகற்றச் சொன்னவர்கள், அதே அலையின் முன் வெள்ளைக்காரனின் கட்டிலைப் போட அனுமதித்தார்கள். அறுகம்பையை உயர்தர உல்லாசபுரியாக மாற்றும் திட்டமொன்றும் அவ்வேளை வரையப்பட்டது. நவோமி கிளைன் 2007இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியபோதுதான் உலகம் நம்மைத் திரும்பிப் பார்த்தது. எதிர்ப்புகளின் பின் தடை தளர்த்தப்பட்டது. 2024 ஜனவரியில் மொரோக்கோவின் இம்சுவான் என்ற கடலோரக் கிராமத்திலும் இதே கதைதான். அலைச்சறுக்கலுக்குப் பேர்போன அந்த ஊரின் வீடுகளையும் கடைகளையும் அதிகாரிகள் இயந்திரங்களை விட்டு இடித்தார்கள். 'வரவேற்கும் ஊர்' என்று பாராட்டப்படும் ஊர்களில் வரவேற்பவனுக்கே வாசல் நிலையில்லை என்பது பெரும் முரண். 2019 ஏப்ரல் 21க்குப் பின்னர் நம் நாட்டில் நம்மையே வந்தேறி விருந்தாளிகளாகப் பேசியவர்கள் உண்டு. விருந்தாளி என்று சொல்லப்படுகிறவன் இன்னொருவனுக்கு எப்படி விருந்தளிப்பான்?

சிநேகத்தை ஒரு சரக்காக்கியதற்கு ஹவாய் பழைய உதாரணம். அலைச்சறுக்கல் அத்தீவு மக்களின் சொந்தக் கலை. 1893இல் அவர்களின் அரசு கவிழ்க்கப்பட்டது, 1898இல் நாடு அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது. அதன் பிறகுதான் 'அலோஹா' என்ற சொல் உலகச் சந்தைக்கு வந்தது. மறைந்த ஹவாய்ச் சிந்தனையாளர் ஹவுனானி-கே ட்ராஸ்க், தம் பண்பாடு இவ்வாறு விலைபோவதைக் கடுஞ்சொல்லால் சாடியவர். எங்கள் நாட்டுக்கு வராதீர்கள் என்றே உல்லாசப் பயணிகளிடம் சொன்னார். அது விருந்தோம்பலின் மறுப்பல்ல, விருந்தோம்பலைக் காப்பாற்றும் முயற்சி என்றே எனக்குப் படுகிறது. மறுக்கும் உரிமை இல்லாதவனின் புன்னகைக்கு என்ன பெறுமதி?

மாலைதீவில் நடந்தது வேறு. ரொனி ஹைன்ட் என்ற அவுஸ்திரேலியர் 1973இல் கப்பல் உடைந்து அங்கே கரையொதுங்கினார். இஸ்லாத்தைத் தழுவி, அவ்வூர்ப் பெண்ணை மணந்து, அங்கேயே வாழ்ந்தார். அவர் விருந்தாளியாக வந்து உறவினரானவர். அத்தீவுகளின் அலையை நெடுநாள் வெளியுலகுக்குச் சொல்லாமல் காத்தவரும் அவரே, பிற்பாடு அதை வியாபாரமாக்கியவரும் அவரே. ஓர் அலை ஒரு விடுதியின் வாடிக்கையாளருக்கு மட்டும் என ஒதுக்கப்பட்டது. நீர், புல், நெருப்பு மூன்றிலும் மனிதர் அனைவரும் பங்காளிகள் என்ற நபிமொழியை இவ்விடத்தில் நினைக்கிறேன். கடலலைக்கு உறுதி எழுதமுடியுமா? 2008இல் அவர் இறந்ததும் அதே கடலில், அலைமீது இருந்த வேளையில்தான்.

இனி, பொத்துவிலில் இன்று எவரும் தவிர்க்க முடியாத கேள்விக்கு வருகிறேன். காஸாவில் 2023 ஒக்டோபரில் தொடங்கிய அழிவின் நடுவே, இராணுவ சேவை முடித்த இஸ்ரேலிய இளைஞர்கள் அறுகம்பைக்குத் திரளாக வந்தார்கள். கடைகளில் ஹீப்ரு எழுத்துக்கள் தோன்றின. 2024 ஒக்டோபர் 23இல் தாக்குதல் அச்சுறுத்தல் இருப்பதாக அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்க, பொலிஸாரும் விசேட அதிரடிப் படையினரும் குவிக்கப்பட்டனர். சோதனைக்கு உள்ளானது யார்? ஊரார்தான். தன் தெருவில் தன் அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டே விருந்தாளிக்குப் புன்னகைக்க வேண்டிய நிலை. மாலைதீவு 2025 ஏப்ரலில் இஸ்ரேலியக் கடவுச்சீட்டுக்குச் சட்டத்தால் கதவடைத்தது. நமது அரசு அவ்வாறு செய்யவில்லை.

நம் மார்க்கத்தில் இதற்குரிய சொல் 'ளியாஃபத்' அல்ல, 'அமான்' என்பது என் கருத்து. போர் நடக்கும் எதிர்த்தரப்பைச் சேர்ந்தவனே அடைக்கலம் கேட்டாலும் கொடு, பின்பு அவனுக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர் என்கிறது தவ்பா அத்தியாயம். மக்கா வெற்றியின்போது உம்மு ஹானி (ரழி) ஒருவருக்கு அமான் கொடுத்தார். அவருடைய சகோதரர் அலி (ரழி) அம்மனிதரைக் கொல்ல நின்றார். நீ அடைக்கலம் கொடுத்தவருக்கு நாமும் கொடுத்தோம் என்று நபியவர்கள் தீர்த்தார்கள். விசா என்பது இக்கால அமான். கட்டுநாயக்காவில் அதைக் கொடுத்துவிட்டபின், வந்தவனின் உயிரிலும் உடைமையிலும் கைவைப்பது துரோகம். இதில் எனக்கு ஐயமில்லை. கதவை முன்னரே அடைத்த மாலைதீவு துரோகம் செய்யவில்லை. கொடுத்த வாக்கு எதையும் அது மீறவில்லை. போரை எதிர்க்கும் இஸ்ரேலியரையும் அச்சட்டம் சேர்த்துத் தள்ளிவிடுகிறது என்ற வருத்தம் மட்டும் எனக்குண்டு.

ஆனால் அமான் வேறு, சிநேகம் வேறு. மும்தஹினா அத்தியாயம், உங்களோடு போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதைத் தடுக்கவில்லை. மக்களை வீடுகளிலிருந்து விரட்டியவர்களோடு நேசம் பாராட்டுவதைத்தான் தடுக்கிறது. எனவே உல்லைக் கடைக்காரர் எடையைக் குறைக்காமல் மீன் விற்கலாம், விலையைக் கூட்டாமல் அறை கொடுக்கலாம். நபியவர்கள் வபாத்தான வேளையில் அவர்களின் கவசம் ஒரு யூதரிடம்தான் அடகில் இருந்தது. ஆனால் அந்தக் கடைக்காரரின் சிரிப்பை யாரும் பற்றுச்சீட்டில் சேர்த்துக் கேட்கமுடியாது. தான் தங்க வந்த ஊரைத் தன் குடியிருப்பாகக் கருதுபவனுக்கு மூன்று நாள் ஹதீஸின் இரண்டாம் பாதியை நினைவூட்டுவதும் மரியாதைக் குறைவல்ல. அறை தரமாட்டேன் என்று சொல்லும் ஒருவரை நான் கண்டிக்கவும் மாட்டேன். கடவுச்சீட்டைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து அவர் அதைச் சொன்னால் இன்னும் மதிப்பேன்.

1956இல் இஸ்ரேலுக்கு அலைச்சறுக்கலை அறிமுகப்படுத்தியவர் டோரியன் பாஸ்கோவிட்ஸ் என்ற அமெரிக்க யூத மருத்துவர். காஸாவிலும் இளைஞர் சிலர் பழைய பலகைகளை மாறிமாறிப் பயன்படுத்தி அலையில் ஏறுவதை அறிந்து, 2007இல் தமது 86ஆம் வயதில் எரெஸ் கடவை வழியாகப் புதிய பலகைகளைக் கொண்டுபோய் அவர்களிடம் சேர்ப்பித்தார். அதே ஆண்டில் காஸா முற்றுகைக்குள் அடைபட்டது. பலகை உள்ளே போயிற்று. அதன்மேல் ஏறியவர்களுக்கு, டெல் அவிவ் இளைஞன் சர்வசாதாரணமாக வந்திறங்கும் அறுகம்பைக்கு ஒரு பருவம் வந்து போக வழி கிடைக்கவில்லை.