ஆடிக்காற்று உங்கள் பக்கம்

"நேரமில்லை. இடமில்லை. அதெல்லாம் தோட்டம் வைத்திருப்பவர்கள் செய்கிற வேலை." முருங்கைக்கீரையை வீட்டிலேயே காயவைத்துச் சேமிக்கச் சொன்னபோது, திருப்பூர் மண்ணரைக் காம்பவுண்டு வீடுகளில் இந்த மூன்றையும் கேட்டிருக்கிறேன். மூன்றில் ஒன்றைக்கூட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சனிக்கிழமை சம்பளத்தில் வாங்கிய முருங்கைக்கீரை செவ்வாய்க்கிழமை பழுத்துக் குப்பைக்குப் போகிறது. அடுத்த வாரம் முருங்கைப்பொடி பாக்கெட்டுக்குக் காசை எடுத்து நீட்டுகிறோம். ஒன்றரை ஷிப்ட் நின்று சம்பாதித்த காசு அது, அக்கா!

ஈரத்தை எடுக்கிற வேலைதானே இது? அதில் திருப்பூருக்கு யார் பாடம் எடுப்பது? 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. இனி இந்த ஊர் அவ்வளவுதான் என்று பேசினார்கள். சாயத்தண்ணீரைச் சவ்வில் வடித்து, மிச்சத்தை ஆவியாக்கி, உப்பு வேறு தண்ணீர் வேறு என்று பிரிக்கக் கற்றுக்கொண்டு எழுந்து நின்றது திருப்பூர். அந்த ஊர்க்காரர் நீங்கள். ஒரு கட்டுக் கீரையின் ஈரத்துக்கா தயங்குவீர்கள்?

முருங்கை இலையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். பூசணத்துக்குத் தீனியே அந்த ஈரம்தான். அதை வெளியேற்ற வெயிலைத் தேடி ஓடாதீர்கள். சாயம் போட்ட துணியை நாள் கணக்கில் வெயிலில் போட்டால் ஷேடு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இலைக்கும் அதே கதிதான். பச்சை வெளுக்கும், மணம் பறக்கும், கண்ணுக்கு நல்லதென்று நாம் தேடுகிற கரோட்டின் சிதையும்.

வேண்டியது நிழலும் காற்றும். ஆடியில் நமக்குக் காற்றுக்கா பஞ்சம்? மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாய்ந்து வருகிறது. உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளின் ராட்சத இறக்கைகளைச் சுற்றுவது அதுதான். உங்கள் வீட்டு ஜன்னலுக்கும் அதே காற்று வருகிறது, வாடகை கேட்காமல். மற்ற மாதங்களில் ஃபேன் போதும்.

கீரையை அலசி உதறுங்கள். காம்பு நீக்கி இலையை மட்டும் உருவுங்கள். சாயம் போடாத சுத்தமான காட்டன் துணியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். கட்டிலுக்கு மேலே கயிறுகள் கட்டித் துணியைத் தொய்வில்லாமல் விரித்துக் கட்டினால் இடப்பிரச்சனையும் தீர்ந்தது. தினம் ஒருமுறை புரட்ட இரண்டு நிமிடம் ஆகுமா? கறிவேப்பிலைக்கும் புதினாவுக்கும் இதே வழிதான். கொத்தமல்லித்தழையை மட்டும் விட்டுவிடுங்கள். காய்ந்தால் அதன் மணமே போய்விடும், உழைப்பு வீண்.

காய்ந்துவிட்டதா என்று கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், விரலைக் கேளுங்கள். செக்கிங்கில் ஒரு தையல் விட்டதைக்கூடக் கண்டுபிடிக்கிற விரல் அது. நசுக்கினால் மொறுமொறுவென்று நொறுங்கவேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. என் முதல் பாட்டில் முழுக்கப் பூசணம் பிடித்தது. காம்போடு அவசரமாக அடைத்திருந்தேன். அழுகையே வந்தது. அன்றோடு விட்டிருந்தால் இன்றைக்கும் கடைப்பாக்கெட்டுத்தான். மறுபடி உருவினேன். இப்போது கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி ஒருநாள் வைத்துப் பார்க்கிறேன். உள்பக்கம் ஆவி படிந்தால் எல்லாவற்றையும் கொட்டி மறுபடி காயவைக்கிறேன்.

மொத்தமாகப் பொடித்துவிடாதீர்கள். இலையாக இருந்தால் மணம் நெடுநாள் நிற்கும், பொடித்தால் சீக்கிரம் போகும். வெளிச்சம் படாத அலமாரியில் வைத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் மிக்சியில் போடுங்கள்.

நம் மாவட்டத்து மூலனூர் முருங்கைக்குப் பேர்போன ஊர். கொங்கு மண்ணில் முருங்கை மரம் இல்லாத தெரு எது? வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டு வாங்குங்கள். பிள்ளைகளையும் உட்காரவைத்து உருவுங்கள். வியாழக்கிழமை ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்ததும், செருப்பைக் கழற்றிக் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒரே ஒரு இலையை எடுத்து விரலில் நசுக்குங்கள். நொறுங்கினால் அன்றைக்கே ரசம் வையுங்கள்.